ஒத்தடத்தில் எழுந்த பெயர்

அக்கா,

இன்று காலை சோறு வடித்த பானையை அவசரத்தில் தேக்குப் பலகைமேல் இறக்கி வைத்துவிட்டேன். ஈரச்சூடு பட்டதும் பலகையிலிருந்து ஒரு வாசம் எழுந்தது. பெங்களூர் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தும் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்கள் சமையலறை வாசம் என் வீட்டில் வீசியது.

நாம் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். பங்காருபேட்டை காயலான் கடையில், மரம் சீவும் ஒரு பழைய இழைப்புளியின் முன்பக்கம் என் கையில், பின்பக்கம் உங்கள் கையில். "முப்பது வருஷம் நர்சு வேல பாத்த கை தம்பி, புடிச்சா வுடாது" என்றீர்கள். விடவும் இல்லை. ஆனால், "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா, இழைச்சுப் பாத்துட்டுப் போ" என்று வழி சொன்னீர்கள். சரியாக மூடாத ஒரு ஜன்னலைச் சீவ, ஓய்வு பெற்ற புதிதில் நீங்கள் வாங்கியது ஒன்று. நான் வந்தபோது அது பதினான்காகப் பெருகியிருந்தது. என்னிடம் ஒன்பதுதான்.

அதன்பிறகு எத்தனை ஞாயிறுகள்! ஒரே தேக்குத் துண்டு, ஒவ்வொரு இழைப்புளிக்கும் ஒரே ஒரு இழுப்பு. வெள்ளைக்காரர் பங்களாக்களிலிருந்து வந்த இரும்பு இழைப்புளிகள் என் கட்சி. ஆசாரிகள் தங்கள் கைக்கு ஏற்பச் செய்துகொண்ட மர இழைப்புளிகள் உங்கள் கட்சி. விழுந்த சுருளைச் செய்தித்தாள்மேல் விரிப்போம். எந்தச் சுருள் வழியே எழுத்தைப் படிக்க முடிகிறதோ அதற்கே வெற்றி. நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பொடி எழுத்துகூட தெரியுதே" என்று கூசாமல் சொன்ன பொய்களையெல்லாம் நான் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன் அக்கா. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மழைநாளில், என்னிடம் இருந்ததிலேயே அழகான தேக்குமர இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தேன். வார்னிஷ் அடிக்குமுன் உங்களிடம் காட்டிப் பாராட்டு வாங்க ஆசை. நீங்கள் அதன் முன்முனையான மூக்கை விரலால் தடவினீர்கள்.

"இங்க எழுத்து இருந்துச்சா?"

"ஏதோ ரெண்டு எழுத்து அடிச்சிருந்தாங்க. அசிங்கமா இருந்துச்சு, தேச்சிட்டேன்."

"இன்னா எழுத்து?"

"பாக்கலக்கா."

உங்கள் முகம் மாறியது. "கையில பேர் சீட்டு கட்டாம ஒரு கொழந்தையையும் நான் தொட்டில்ல போட்டதில்ல. நீ இன்னாடான்னா பேரையே தேச்சுட்டு வந்து நிக்கிற."

எழுந்து சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தீர்கள். துணியை முக்கிப் பிழிந்து மரத்தின்மேல் வைத்து அழுத்தினீர்கள். நோயாளிக்கு ஒத்தடம் கொடுப்பதுபோலவே இருந்தது. அடித்த எழுத்துக்கு அடியில் மரம் அமுங்கித்தானே இருக்கும், சூடும் ஈரமும் பட்டால் உப்பி வராதா என்பது உங்கள் கணக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றாவது ஒத்தடத்துக்குப் பின் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தீர்கள். எம், வி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் தழும்புபோல மேலெழுந்து நின்றன.

டீக்கடையில் உட்காரும் பென்ஷன்காரர்களிடம் நீங்கள்தான் விசாரித்தீர்கள். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் தச்சராக இருந்த முனிவேலு என்று தெரியவந்தது. உயிரோடு இருக்கிறார், ஊர்க்கோடியில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில். அடுத்த ஞாயிறு இருவரும் போனோம். அதற்குள் மரம் காய்ந்து எழுத்து மறுபடி அமுங்கிப்போயிருந்தது.

போர்வை போர்த்திக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இழைப்புளியைக் கையில் வாங்கியதும் அவர் கட்டைவிரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நான் எத்தனையோ முறை பிடித்தும் கவனிக்காத பள்ளம்.

"நம்மளுதுதான். சிநேகிதனுக்கு இரவல் குடுத்தேன். மைன்ஸ் மூடுனதும் அவன் சொல்லாம கொள்ளாம ஊர வுட்டே பூட்டான். இத்தினி வருஷமா மனசுக்குள்ளயே அவன்கூட சண்ட போட்டுகினு கெடக்கறேன்." பிறகு மூக்கைத் தடவிப் பார்த்தார். "பேரு எங்க?"

உங்களைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள்.

"நான்தாங்க தேச்சுட்டேன். தெரியாம பண்ணிட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போவட்டும் வுடு. நல்லாத்தான் தேச்சிருக்க" என்று சிரித்தார். சிரித்தபடியே அதைப் போர்வைக்குள் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

'எனக்கு எதுக்குப்பா, நீயே வச்சுக்கோ' என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்துத்தான் நான் வந்திருந்தேன். உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் உம்மென்று இருந்தேன். "மூஞ்சப் பாரு, மிட்டாயப் புடுங்குன மாதிரி" என்று தோளில் இடித்தீர்கள். இறங்குமுன் மெதுவாகச் சொன்னீர்கள்: "இனிமே எங்க போனாலும் வெலைய அப்புறமா கேளு தம்பி. யாருதுன்னு மொதல்ல கேளு."

கோலார் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோதும், டிரிப்ஸ் வேகமாக இறங்குகிறது என்று பக்கத்துக் கட்டில்காரருக்காக நர்சைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னிடம், "இந்த வாரம் இன்னா கெடச்சுது?" என்றீர்கள். ஒன்றும் இல்லை என்றேன். "தேடு" என்றீர்கள்.

போன சனிக்கிழமை பங்காருபேட்டையில் ஒரு இரும்பு இழைப்புளி கண்ணில் பட்டது. துருவே இல்லை, கைப்பிடி ரோஸ்வுட். என்னிடமும் இல்லை, உங்களிடமும் இருந்ததில்லை. வாய்வரை வந்த விலைக்கேள்வியை விழுங்கிவிட்டு, "யாருதுண்ணா இது?" என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "இத்தினி பேர் எடுத்துப் பாத்தாங்க, ஒருத்தனும் கேக்கல" என்றார். என் கையிலிருந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கப்பாருது. வூடு காலி பண்ணும்போது சாமானோட சாமானா வந்துச்சு. வெளிய போட்டுட்டேன்." பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தார். "இது குடுக்கறதா இல்ல சார். தப்பா நெனைக்காதீங்க."

வெறுங்கையோடு ரயில் ஏறினேன். வருத்தமே இல்லை அக்கா. ஊர் வரும்வரை எனக்குச் சிரிப்புதான். உங்களிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது, எழுதிவிட்டேன்.