வைவாவுக்காக வரைந்த சுரங்கம்

நாள் 41, காலை 07:10
நிலாத் தளம், ஏழாம் அறை. எழுதுவது பெனிட்டா, கணினிப் பொறியாளர். காற்று 31 மணி நேரத்துக்கு. அழுத்தம் சரி. நேற்றைய அதிர்வுக்குப் பிறகு வெளிச் சுரங்கம் முழுக்கத் தூசி. கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. சுவர் ரேடார்கள் என் அறைக்கு மட்டும் அளவுகள் அனுப்புகின்றன. அவற்றைப் படமாக்கும் கணினி சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். தூசிக்குள் நடந்து வெளியேற என்னிடம் முகக்கவசம் இல்லை.

நாள் 41, காலை 10:45
என் பழைய டிரைவில் கல்லூரி ப்ராஜெக்ட் இருக்கிறது. ரேடார் புள்ளிகளிலிருந்து சுரங்கத்தை முப்பரிமாணத்தில் வரையும் நிரல், ரூபி என்ற கணினி மொழியில். மிகப் பழைய ரூபி. அது நம்பியிருக்கும் நிரல் நூலகங்களில் பாதி இன்று இல்லை. பிழை என்று கத்துகிற வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.

மகளுக்கு ஒன்றரை வயது. நடக்கிறாளாம். நான் கிளம்பும்போது தவழ்ந்தாள்.

நாள் 41, பிற்பகல் 14:20
படம் வந்துவிட்டது! கூரை முழுசாக இருக்கிறது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்திக் அண்ணனுக்கு அனுப்பினேன். ரேடியோவில் அவர் பதில்:

"என்னம்மா, எங்க வீட்டு ஹாலவிட சுத்தமா இருக்கு! நீயே எழுதுனதா?"

"ஆமாண்ணே."

"அப்பச் சரி. கவசத்த எடுத்துட்டு வாரேன். சுரங்கத்துக்குள்ள ரேடியோ எடுக்காது, பயந்துராத. பாப்பாகிட்ட நாளைக்குப் பேசிரலாம்."

நாள் 41, பிற்பகல் 14:52
மின்சாரம் மிச்சம் பிடிக்க ரேடார்களை அணைத்தேன். தவறுதலாக நிரலை ஓட்டிவிட்டேன். அளவு எதுவும் வராமலே படம் வந்தது.

அதே படம்.

நாள் 41, பிற்பகல் 15:05
இந்த நிரல் நான் எழுதியது இல்லை. சீனியர்களிடம் வாங்கினோம். அவர்கள் அவர்களுடைய சீனியர்களிடம். முதல் பக்கத்தில் பெயரை மாற்றியது மட்டும்தான் என் வேலை. உள்ளே எவனோ எழுதி வைத்திருக்கிறான்: எந்தப் பிழை வந்தாலும் சத்தமில்லாமல், முன்பே சேமித்து வைத்த மாதிரிப் படத்தைக் காட்டு. வைவாவில், தேர்வாளர்கள் நேரில் கேள்வி கேட்கும்போது, மானம் போகக் கூடாது என்று. முழு எண்ணுக்கு அதில் இருக்கும் ஃபிக்ஸ்னம் என்ற பழைய பெயர் இன்றைய ரூபியில் இல்லை. அந்த ஒரு பிழை மட்டும் கத்தவே இல்லை.

ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அண்ணன் எடுக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

நாள் 41, பிற்பகல் 15:31
அந்த வரியை நீக்கினேன், ஃபிக்ஸ்னத்தைத் திருத்தினேன். ரேடார்கள் மறுபடி ஓடுகின்றன. உண்மைப் படம். மேலிருந்து கீழாக, வரி வரியாக. இருபது நிமிடம் ஆகும். கூரை வந்துவிட்டது. நடுவில் பெரிய ஓட்டை. அங்கிருந்த பாறை இப்போது மேலே இல்லை.

கதவைத் தட்டிப் பார்த்தேன். கைதான் வலிக்கிறது. ஆமாண்ணே என்று ஏன் சொன்னேன். இல்லை என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பார்.

15:40
தலை உயரம் வரைந்தாயிற்று. யாரும் இல்லை.

15:44
இடுப்பு உயரம். யாரும் இல்லை. திரும்பிப் போயிருக்கலாம். போயிருந்தால் ரேடியோ எடுக்குமே

15:47
முழங்கால்.
இனித் தரை மட்டும்தான்