மஞ்சள் கோட்டுக்காரி சொல்லாத சொல்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

மத்தியானம் கைபேசியில் ஒரு சினிமா விளம்பரம் வந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, ஈரத் தலைமுடி, பின்னால் சாம்பல் நிறக் கடல். நாம் சேர்ந்து பார்த்த அதே படம்தான். நம் கல்லூரித் திரைப்படக் குழு அந்தப் படத்தைச் சனிக்கிழமை மறுபடி போடுகிறது.

அன்று பீளமேட்டில், கல்லூரி அரங்கில், பாட்டும் இல்லை சண்டையும் இல்லை என்று பாதிப் பேர் எழுந்து போனார்கள். "ஏம்புள்ள, நாமளும் போலாமா?" என்றேன். நீ என் துப்பட்டாவைப் பிடித்து உட்காரவைத்தாய். கண்ணாடியை விடுதியிலேயே மறந்து வந்திருந்த எனக்காக, கீழே ஓடிய ஆங்கில வரிகளைக் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். எந்த நாட்டுக்காரியோ, உன் வாயில் உன் ஊர்க் காரமடைக்காரி ஆகிப்போனாள். "உங்க மேல ஆசையில்லீங்க. கோவமும் இல்லீங்க." நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கடைசியில் கணவனையும் விட்டு, ஆசைப்பட்ட படகுக்காரனையும் விட்டு, அவள் தனியாகக் கிளம்பினாள். "போறேனுங்க" என்றாய்.

"போய்ட்டு வாரேன்னு சொல்லு புள்ள!"

"அவ திரும்பி வரமாட்டா அம்மணி. பொய் எதுக்கு?"

நீயும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் காபித் தட்டை நீட்டிக்கொண்டே, "நா இன்னும் படிக்கோணுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றவள். அந்தத் தைரியமும் அந்த மரியாதையும் ஒன்றாக எனக்கு வரவே இல்லை. இன்று இவரிடம் வாயைத் திறக்க ராத்திரிச் சாப்பாடு வரை ஆயிற்று.

"சனிக்கிழமை பாப்பாவைப் பாத்துக்கறீங்களா? ஒரு படத்துக்குப் போகோணுங்க. தனியா."

அத்தை கரண்டியை வைத்துவிட்டார். "பால் குடிக்கிற புள்ளைய உட்டுப்போட்டா?"

இவர் என்னையே பார்த்தார். "பாட்டு இருக்குதா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்ப நா பாப்பாவையே பாத்துக்கறேன்."

போகத்தான் போகிறேன். ஆனாலும் பயம். பாட்டிலில் குடிப்பாளா? தேடி அழுதால்? பிறந்ததிலிருந்து அவளை விட்டு நான் எங்கும் போனதில்லை. வாசலில் நின்று "போய்ட்டு வாரேன்" என்றுதான் சொல்வேன். என் வாயில் அது பொய் இல்லை. ஆசையாகப் போய், ஆசையாகவே திரும்பி வருவேன். இந்த முறை கண்ணாடி இருக்கும். என்றாலும் அவள் பேசுவதெல்லாம் உன் குரலில்தான் எனக்குக் கேட்கும்.

கடைசியாகக் காந்திபுரத்தில், ஊருக்குப் போகும் பேருந்துப் படியில் நின்று, "போய்ட்டு வாரேன் அம்மணி" என்றாய். அந்த வாரமே காய்ச்சல். அப்புறம் காரமடையில், உன் வீட்டு வாசலில், மாலைகளுக்கு நடுவில் கண்மூடிக் கிடந்த உன்னைத்தான் பார்த்தேன்.

பொய் சொல்லாதவள் நீ. சீக்கிரம் பதில் போடு.