ஒன்பதாவது ஊதா

மார்ச் 4
தண்ணீர் வாரியத்திலிருந்து கடிதம். வெர்னா அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். என் மனைவி கெட்ட செய்தியை வேகமாக வாசிப்பாள். இன்று ரயில் வேகம். எங்கள் பகுதியின் ஒன்பது கிணறுகளில் அதிகமாக நீர் இறங்கியது முதல் கிணற்றிலாம். இரண்டு பருவத்துக்கு மூட வேண்டுமாம். முதல் கிணறு என்னுடையது. நூற்றிருபது ஏக்கர் மக்காச்சோளம். மேற்குக் கன்சாஸ் வானத்தை நம்பி அதை விதைப்பவன் பைத்தியக்காரன்.

"கையெழுத்து யாரு?"

"தலைவர் டுவைட் ஸ்ட்ரெக்கர். கீழ 'அன்புடன்'னு வேற போட்டிருக்கான்."

எனக்கு எழுத்து வராது, எண் மட்டும் தெரியும். பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. சரியாக எழுதுகிறதா என்று பார்க்க எனக்கு வழியில்லை. வாரியத்து ஐந்து பேருக்கும் படிக்கத் தெரியும். என்ன பிரயோஜனம்?

மார்ச் 5
கடிதத்தோடு ஒரு படம் வந்திருக்கிறது. ஒன்பது கிணற்றுக்கும் ஒன்பது கோடு, இருபது வருடக் கதை. தலைகீழாக விழும் கோடு ஊதா. ஓரத்துப் பட்டியலில் ஊதாவுக்கு நேராக 'கிணறு ஒன்று' என்று இருப்பதாக வெர்னா சொன்னாள். அதற்கு மேல் வாசிக்கவில்லை. வாரியமும் அங்கேயே நிறுத்தியிருக்கும்.

அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். 2012 வறட்சியில் குழிக்குள் விழுந்ததுபோல் விழுகிறது. அந்த ஆகஸ்டில் என் மோட்டார் எரிந்து இருபத்துமூன்று நாள் சும்மா கிடந்தது. பயிர் செத்தது, தண்ணீர் ஏறியது. நாடா இறக்கி அளந்தவன் நான். தண்ணீர் 181 அடி ஆழத்திலிருந்து 178-க்கு வந்தது.

என் கோடு அங்கே ஏற வேண்டும். இது ஏறவில்லையே. அப்போ இது யாருடையது?

மார்ச் 6
மேலே இன்னொரு ஊதா! அதே ஊதா. 2012 ஆகஸ்டில் அழகாக ஒரு மேடு. வெர்னாவைக் கூப்பிட்டு, பட்டியலைக் கடைசி வரை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரி: கிணறு ஒன்பது, ஊதா.

ஒன்பது டுவைட்டுடையது.

மார்ச் 7
தானியக் கிடங்கின் காபி மேசையில் டுவைட்டைப் பிடித்தேன். படத்தில் தப்பு இருக்கிறது என்றேன்.

"படிக்கத் தெரியாத ஆளு, படத்தைப் பாத்து தீர்ப்பு சொல்றியா?" மேசையே சிரித்தது. "கம்ப்யூட்டர் போட்ட கோடுய்யா அது. உன் மேல அதுக்கென்ன பகை? எண்ணு பொய் சொல்லாது, ஆர்வல்."

"எண்ணு சொல்லாது, டுவைட். நான் எண்ணைக் குத்தம் சொல்லவே இல்லையே."

காபிக்குக் காசு நானே கொடுத்தேன். அவனுடையதுக்கும். முட்டாள்தனம்.

மார்ச் 10
வாரிய அலுவலகத்தில் வேலை செய்யும் ஜோலீனைப் பார்த்தேன். படம் அவள் போட்டது. என் கிணற்றை மூட வாரியம் ஓட்டெடுத்த அன்று பனிப்புயலில் வர முடியாமல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டாளாம். ஐந்து பேரும் சுவரில் பார்த்துக் கை தூக்கிவிட்டார்கள்.

"ஒவ்வொரு கோடா நான் இழுக்கிறதில்லைங்க. 'ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் சுத்தி வந்து வரை'ன்னு கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். இந்த வருஷம் டுவைட் தன் கிணத்தைப் பழைய அளவுகளோட சேத்தாரில்ல, எட்டை அழிச்சு ஒன்பதுன்னு போட்டேன். ஓடிருச்சு."

"நிறம்?"

"அதுவே எடுத்துக்கும். மொத்தம் எட்டு வெச்சிருக்கு, அது தீந்தா…" நிறுத்தினாள். படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். "ஐயோ, மறுபடி முதல்லேர்ந்து எடுக்கும்."

நல்ல பெண். ஓடுவதெல்லாம் சரி என்று நினைத்துவிட்டாள். என் பழைய டிராக்டரும்தான் ஓடுகிறது.

மார்ச் 18
கூட்டம். ஜோலீனிடம், முதல் கிணற்றின் கோட்டை மட்டும் சுவரில் காட்டச் சொன்னேன். மேடு உள்ள ஊதா. பிறகு ஒன்பதை மட்டும். குழியில் விழும் ஊதா.

டுவைட் எழுந்தான். "ஒரு படத்தை மட்டும் நம்பி அவசரப்படக் கூடாது. ஆழமா ஆராயணும்."

"போன மாசம் என் கிணத்தை எவ்வளவு ஆழமா ஆராஞ்சீங்க, தலைவரே?"

சிரித்தார்கள். காபி மேசையில் சிரித்த அதே ஆட்கள்.

மார்ச் 27
வெர்னா தீர்மானத்தை வாசித்தாள், இந்த முறை மெதுவாக. முதல் கிணற்றை மூடும் உத்தரவு ரத்து. இந்த வருடம் எந்தக் கிணறும் மூடப்படாது. நிறங்களை ஆராய மூவர் குழு. தலைவர்: டுவைட் ஸ்ட்ரெக்கர்.

ஏப்ரல் 29
விதைத்தேன்.

ஜூலை 16
டுவைட்டின் பம்பு ராப்பகலாக ஓடுகிறது. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வேலிதான். மண்ணுக்கு அடியில் அதுவும் இல்லை.

ஆகஸ்ட் 21
டுவைட்டின் கிணறு திங்கட்கிழமை மணலைக் கக்கியதாம். பிறகு வெறும் காற்று. குழு இன்னும் கூடவில்லை. வழியில் அவனைப் பார்த்தேன். அவன் மக்காச்சோளம் இடுப்பளவு வரை காய்ந்து நிற்க, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். கிண்டலாக ஏதோ சொல்ல வாய் வரை வந்தது. கையை மட்டும் ஆட்டினேன். அவனும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் நாடாவை இறக்கினேன். போன ஆகஸ்டில் 209. இன்று 221, பன்னிரண்டு அடி கீழே. நம்பாமல் மூன்று முறை இறக்கினேன்.

ஜோலீனுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். புதுப் படத்தில் இந்த முறை ஒவ்வொரு கிணற்றுக்கும் தன் கையாலேயே நிறம் எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

"உங்களுக்குக் கறுப்பு போட்டிருக்கேங்க. எவ்வளவு கீழ போனாலும் யாரோடயும் குழம்பாது."