அண்ணனைப் பிடித்துக்கொண்டு தம்பியைத் தேடியது

அன்பு மனைவி ஒஃபேலியாவுக்கு,

உன் முழங்கால் வலி தணிந்திருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் நலம். நான் சொல்லச் சொல்ல, நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி தெரேசீனா எழுதுகிறாள்.

பேரன் எமிலியோ அர்ஜென்டினாவிலிருந்து இங்கே நம் பூர்வீக நாட்டுக்கு வேலைக்கு வர, குடியுரிமைக்குக் கேட்ட என் தாத்தாவின் பிறப்புச் சான்று கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அலுவலகத்தில் என் மானம் போயிற்று. வீத்தோ என்ற தாத்தாவின் பெயரில் எழுத்தர் அம்மா தேடி எடுத்த பதிவின் ஓரத்தில், குழந்தை இறந்துவிட்டதாக எழுதியிருந்ததாம்.

"எந்தாத்தா தொட்டில்லயே செத்துட்டாருன்னா, நான் என்ன ஆகாசத்துலேருந்தா குதிச்சேன்?" என்று கத்தினேன்.

"பெரியவரே, மொதல்ல உக்காருங்க. செத்த புள்ள பேர அடுத்த புள்ளைக்கு வைக்கறது நம்ம வழக்கந்தானே? அண்ணனப் புடிச்சுக்கிட்டுத் தம்பியத் தேடுறீங்க!"

வரிசையில் ஒருவன், "செத்த கொழந்தைக்குப் பேரன்யா இவரு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பதிவேட்டில் சில பக்கம் தள்ளி, அதே பெயரோடு என் தாத்தா இருந்தார்.

"ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?" என்று அந்தம்மா சமாதானமாகக் கேட்டாள். "மூணு" என்றேன்.

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நாமும் அதைத்தானே செய்தோம்! பால்குடி வயதிலேயே இறந்துபோன மூத்த சவேரியோவின் பெயரை அடுத்தவனுக்கு வைத்ததோடு, மூத்தவனைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டேன். அப்பா வளர்த்த கழுதைகளின் பெயர்கூட மறக்காதவன் என்று பீற்றிக்கொள்பவன் நான். நீ எப்போதும் நாலு என்பாய், நான் திருத்துவேன். வெட்கமாக இருக்கிறது.

நாம் சேர்ந்து காய்ச்சிக் குடிக்கும் மாத்தே இலை கொஞ்சம் அனுப்பு. இங்கே தனியாகக் குடிக்கிற காப்பி தொண்டையில் இறங்கவில்லை. மூத்தவனின் குல்லாய் உன் பெட்டியில் இருந்தால் யாருக்கும் கொடுத்துவிடாதே. தெரேசீனாவுக்கு அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, எழுந்திருக்கப் பார்க்கிறாள்.

நாலு பிள்ளைகளின் அப்பன்,
பாஸ்குவாலே