கன்னத்தில் ஒரு கறுத்தப் பொட்டு

உ

இரணைமடு,
28.12.2001

அன்பு மகன் பிரசாந்தனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி கௌசலாவும், போன மாதம் கன்று போட்ட சிவலைப் பசுவும் சேர்த்து எல்லோரும் நல்ல சுகம். நீயும் அந்தப் பனிக்குள்ளே காய்ச்சல் தடிமன் ஒன்றும் அண்டாமல் இருக்க எங்கள் பிள்ளையார்தான் துணை நிற்கவேண்டும். உன் கடிதமும் படமும் வவுனியாவுக்குப் போய்வந்த நல்லதம்பி மாஸ்டரின் கையில் வந்து சேர்ந்தன. படத்தில் கன்னம் வைத்துச் சதை பிடித்திருக்கிறாய், பார்க்க வடிவாக இருக்கிறது, ஆனால் தலையில் தொப்பி இல்லை, காது இரண்டும் சிவந்து கிடக்கிறது, அதைக் கண்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்விறாந்தையில் மாட்டி, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பிடித்துக் காட்டுகிறார், பாலுக்கு வருகிறவர்கள்கூடப் பார்க்காமல் போகமுடியாது. இம்முறை மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்து வழிந்து வான் பாய்கிறது, பயிர் முழங்காலளவுக்கு நிற்கிறது. சண்டையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று வானொலி சொல்கிறது, வெளியிடத்துக்குப் போய்வரப் பாதை திறக்கும் என்று சனம் கதைக்கிறது, நடந்தால்தான் நம்புவேன், ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கௌசலாவின் பள்ளிக்கூடக் கதையை விரிவாக எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாய். நீ போகும்போது அவள் மழலை பேசிக்கொண்டு திரிந்தவள், இப்போது ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள், அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அதற்குக் கூரையும் இல்லை கதவும் இல்லை, ஊர்ச்சனம் சேர்ந்து ஓலையும் தறப்பாளும் போட்டு நிமிர்த்தியது. அங்கே படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் நீ. எங்களைப் போலக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிறவர்களின் பிள்ளைகள், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பழனியாண்டியர் வீட்டுப் பிள்ளைகள், முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு வந்து இப்போது குளத்தில் வலை போடுகிற வேதக்காரப் பிள்ளைகள், எல்லாம் ஒரே பாயில். காலையில் தேவாரமும் செபமும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டும் பாடம். பழனியாண்டியரின் பேத்தியோடு சேர்ந்து கௌசலா வீட்டிலும் ஆமாங்க, சரிங்க என்று கதைக்கப் பழகிவிட்டாள், அப்பா அதைக் கேட்பதற்கென்றே சும்மா சும்மா அவளைக் கூப்பிடுகிறார். இந்த வருடம் அவள்தான் சிரேஷ்ட மாணவத் தலைவி. தண்டவாளத் துண்டில் அடித்து மணி எழுப்புவது, வரிசை பிடிப்பது, முதலாம் வகுப்புச் சின்னதுகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. வீட்டில் குடித்த கோப்பையைக் கழுவி வைக்கமாட்டாள், அங்கே அம்மணி ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துகிறாள். அவளுக்கு உயிர்த்தோழி செபமாலையரின் மகள் யூலியானா. இரண்டும் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்துவிட்டதுகள், ஜனவரியில் கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாகப் போவதென்று முடிவு. இந்தச் சந்தோஷத்துக்குள்தான் உன் அப்பா ஒரு வேலை பார்த்து வைத்தார்.

அதைச் சொல்வதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அதிபர் சிவலட்சுமி ரீச்சர் வந்த நாளிலிருந்து சரஸ்வதி பூசைக்கு வருகிற வாணி விழாவை வேதக்காரப் பிள்ளையும் யேசு பிறப்புக்கு வருகிற ஒளிவிழாவைச் சைவப் பிள்ளையும்தான் பொறுப்பெடுத்துச் செய்யவேண்டும், அதுவும் கடைசி வகுப்பில் மூத்த பிள்ளை. தங்கட விழாவை ஆரும் செய்வினம், மற்றவையின்ரயைச் செய்தால்தான் பழகுவினம் என்பது ரீச்சரின் கதை. வாணி விழாவை யூலியானா செய்தாள். குத்துவிளக்குக்குத் திரி போட்டதிலிருந்து அவல் கடலை பங்கிட்டது வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது, எங்கள் பிள்ளைகளே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து கௌசலாவுக்கு நித்திரையில்லை. ஒளிவிழாவுக்குப் பாலன் யேசுவின் குடில் கட்டி, யூலியானா செய்ததுபோலக் குறையில்லாமல் தானும் செய்து காட்டவேண்டுமென்று ஒரே பிடிவாதம். குடிலில் வைக்கிற பாலன் சுரூபத்தை யூலியானாவின் தாய் மதலேனம்மாதான் கொடுத்தா. அது சும்மா சுரூபமில்லை மகன். அவவின் கலியாணத்துக்குத் தாய் கொடுத்தது. கடற்கரையை விட்டு ஓடி வந்தபோது வீட்டையும் வள்ளத்தையும் வலைகளையும் போட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் சேலைக்குள் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இங்கே ஓலையில் போட்டிருக்கிற கோவிலிலும் நத்தாருக்கு இதைத்தான் வைக்கிறார்கள், வேறு இல்லை.

பள்ளிக்கூடம் மழைக்கு ஒழுகுகிறதென்று விழாவுக்கு முதல் நாள் கௌசலா பாலனைப் பனையோலைக் கடகத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் சாமியறையைத் துடைத்துப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு இருத்தினேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. விடிய எழும்பின உன் அப்பா கிணற்றில் தோய்ந்து திருநீறு பூசிக்கொண்டு வந்தார், அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பிள்ளையாருக்கு வழக்கமாக முழுக்காட்டுகிற நாள். பிள்ளையாருக்கு ஊற்றினார், பக்கத்தில் இருக்கிறவருக்கு ஊற்றாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்த தெய்வத்தைக் காய விடலாமோ என்று பிறகு என்னிடம் கேட்டார். சிவலையின் பால், மஞ்சள் தண்ணீர், சந்தனம், எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது, துணியால் தேய்த்தும் துடைத்திருக்கிறார். எங்கள் பிள்ளையார் கருங்கல், எவ்வளவு ஊற்றினாலும் அசையமாட்டார். பாலன் சாந்தில் வார்த்து வர்ணம் பூசினவர். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, மனுசன் கையில் செம்போடு வந்து வாசலில் நின்று, இஞ்சேரும், பிள்ளைக்கு நிறம் கழருதப்பா என்றார். செம்பைப் பார்த்தால் பால் ரோசாப்பூ நிறத்தில் இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன், வலது கன்னம் சுண்ணாம்பாக வெளுத்து, அந்தப் பக்கத்துப் புருவமும் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் நல்லதம்பி மாஸ்டர் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகமாட்டார்.

சத்தத்துக்குக் கௌசலா எழும்பி வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. பாலனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பிப்போய்ப் பள்ளிக்கூடச் சட்டையில் குத்தியிருந்த தலைவிச் சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் இனிப் பள்ளிக்கூடம் போகேல்லை, யூலியானா என்னோட கதைக்கமாட்டாள், கிளிநொச்சிக்குப் போய் ஆரோட நான் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். ஒரு வருடமாக அவ்வளவு பொறுப்பாக நடந்த பிள்ளைக்குக் கடைசியில் இப்படியா வரவேண்டும். அப்பா குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு, குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினால் தெரியாது என்றார், வைக்கோலை முகத்துக்குக் கிட்ட இழுத்துவிட்டால் ஒருவரும் கவனியாயினம் என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லையப்பா, சொல்லிப்போட்டுத்தான் வைப்பன் என்றாள். பத்து வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்டு அப்பா போய்க் குடையை எடுத்தார்.

மழைத் தூறலுக்குள் அவள் கடகத்தோடு முன்னால் போக, அப்பா குடையை அவளுக்குப் பிடிக்கிறாரா கடகத்துக்குப் பிடிக்கிறாரா என்று தெரியாமல் பின்னால் போக, நான் அவருக்குப் பின்னால் போனேன். செபமாலையர் முற்றத்தில் வலை காயப் போட இடமில்லாமல் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். கௌசலா மதலேனம்மாவின் கையில் பாலனைக் கொடுத்து, பழுதாப்போச்சு மாமி என்று மட்டும் சொன்னாள். மதலேனம்மா துணியை விலக்கிப் பார்த்தா. யூலியானா தாயின் முகத்தைப் பார்க்கிறாள், கௌசலா யூலியானாவின் முகத்தைப் பார்க்கிறாள். அப்பா முன்னால் போய், நான்தான் தங்கச்சி பால் ஊத்திக் குளிப்பாட்டினனான், சாமியெண்டுதான் செய்தனான், பிள்ளையில பிழையில்லை என்றார். பாலிலயோ அண்ணை என்று கேட்டா அவ. ஓம், எங்கட சிவலையின்ர பால், அப்பதான் கறந்தது என்றார் இவர். அதைக் கேட்டதும் அவவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஊரை விட்டு வந்த நாள் தொடக்கம் இந்தப் பிள்ளையை ஒளிச்சு வைக்கிறதும் தூக்கிக்கொண்டு ஓடுறதுமாத்தான் இருந்தனாங்கள், ஒருத்தரும் பிள்ளையெண்டு குளிப்பாட்டேல்லை அண்ணை என்றா. செபமாலையர், என்ர பெண்டில் என்னைக்கூட இப்பிடிப் பாலில குளிப்பாட்டினதில்லை என்றார், அப்போதுதான் அப்பாவுக்கு மூச்சே வந்தது.

பிறகு மதலேனம்மா உள்ளே போய் மைச்சிமிழை எடுத்து வந்து, போன புருவத்தை விரலால் ஒரு இழுப்பில் வரைந்தா. கன்னத்தில் வெளுத்த இடத்தில் பெரிதாக ஒரு கறுத்தப் பொட்டு வைத்தா. பச்சைப்பிள்ளையைச் சபையில வைக்கேக்க நாவூறு படக்கூடாதெல்லே, இவ்வளவு நாளும் வைக்காமல் விட்டது எங்கட பிழை என்றா. பார்த்தால் சத்தியமாக எந்த வீட்டிலும் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைபோல இருந்தது. யூலியானா கௌசலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மணி அடிக்க நேரம் போச்சுதடி வா என்று ஓடினாள், எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலைவிச் சின்னத்தை நான்தான் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடவேண்டியிருந்தது.

ஒளிவிழா நல்ல திறமாக நடந்தது. பழனியாண்டியர் வீட்டுப் பிள்ளைகள் இடையர்களாக வந்து தப்பு அடித்து ஆடினார்கள். செய்த பிழைக்குப் பிராயச்சித்தமாக அப்பா எங்கள் கன்றைக் குடிலுக்குப் பக்கத்தில் கட்டினார், அது பாட்டு முடிவதற்குள் குடில் கூரையில் பாதி வைக்கோலைத் தின்றுவிட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிவலட்சுமி ரீச்சர் பேசும்போது, பாலனின் கன்னத்தில் இருக்கிற பொட்டை எல்லாரும் பாருங்கோ, இதுக்குத்தான் நான் இந்த வழக்கத்தை வைச்சனான் என்று சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்துவிட்டா. முடிவில் கௌசலா மணிக்கம்பியை அடுத்த வருடத்துத் தலைவியிடம் கொடுத்தாள், அழவில்லை, நான்தான் அழுதேன். நத்தாரன்று காலையில் அவர்களின் கோவிலுக்கும் போனோம். சனம் வரிசையில் போய்ப் பாலனின் காலை முத்தமிட்டது. சுவாமியார் பொட்டைக் கண்டு ஆர் வைச்சது என்று கேட்டிருக்கிறார், தாய்தான் என்று மதலேனம்மா சொன்னாவாம். இனி வருடா வருடம் பாலன் எங்கள் வீட்டுக்கு வந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டுமென்றும், ஏரம்பண்ணை என்கிற உன் அப்பா ஈரத்துணியைத் தவிர வேறொன்றும் தொடக்கூடாதென்றும் பேச்சு.

அன்று பின்னேரம் மதலேனம்மா பலகாரத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. அப்பா வழக்கம்போல உன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவ நிறைய நேரம் பார்த்தா. அவவின் மூத்த மகனைப் பற்றி நான் உனக்கு எழுதியதில்லை, ஓடி வந்த அந்த நாளில் தவறவிட்டது, இன்றைக்கு வரைக்கும் ஒரு சேதியும் இல்லை, இருந்தால் உன் வயதுதான். என்னிடம் மைச்சிமிழைக் கேட்டு வாங்கி, கண்ணாடிக்கு மேலே உன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தா. பிள்ளை வடிவா நிக்கிறான் அக்கா, அவ்வளவு தூரத்தில ஆர் கண் படுதோ, எங்களுக்கென்ன தெரியும் என்றா. அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன் மகன்.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, கௌசலா கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிப் போடு, யூலியானாவையும் கேட்டதாக எழுது. தையிலே நெல் வீட்டுக்கு ஏறும்போது உன் பெயரில் முதல் பொங்கல் வைப்பேன். நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத சுகத்தோடும் நல்லாயிரு ராசா. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, படத்தில் அந்தப் பொட்டு அப்படியே இருக்கிறது, தூசி தட்டும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன். பாதை திறந்ததும் நீ வந்து உன் கையால் அழி.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ஏ. ஜெகதீஸ்வரி