நான் ஏறியது எந்த விமானம்?

பிப்ரவரி 3, செவ்வாய்

பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி நாலு ரோல் ஷேடு மாறி வந்திருந்தது. வீரபாண்டி சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பினேன்.

மத்தியானம் கோலாப்பூரிலிருந்து மகள் கிருத்திகா பேசினாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். பிரசவத்துக்குத் திருப்பூர் வரக் கூடாது, அங்கேயே இருபதாம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தலைப்பிரசவம். என் மனைவி மயிலாள் போயே ஆக வேண்டும். ஆனால் அவளுக்கு முதுகுத் தேய்மானம். ரயில் மாறி மாறி ஒன்றரை நாள் உட்கார முடியாது.

“பெங்களூர் வரைக்கும் ரயில்ல வந்துட்டா, அங்கிருந்து ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரந்தாங்க மாமா” என்றார் மாப்பிள்ளை அருள்குமார்.

பிப்ரவரி 4, புதன்

மயிலாள் விமானத்தில் ஏற மாட்டாளாம். பயம். போன மே மாதம் அதே ஊருக்கு நான் பறந்துபோய்த் திரும்பி வரவில்லையா என்று கேட்டேன்.

“அதே மாடல்னா வாரேனுங்க.”

எல்லாம் ஒன்றுதான் என்றேன்.

“சாம்பிள் அப்ரூவ் ஆகாம பல்க் ஆர்டர் ஓட்டுவீங்களா நீங்க?”

இருபது வருடம் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருந்தவள். உயிரோடு திரும்பி வந்த சாம்பிள் நான். என்ன மாடல் என்று கேட்டாள். தெரியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நன்றாக யோசித்துப் பார்த்தேன். நினைவில் இருப்பது முன் சீட்டின் உறை மட்டும். சாம்பல் நிற ரெக்சின், இரட்டை ஊசித் தையல், தலைப்பக்கம் ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. இறக்கை எங்கே இருந்தது, இன்ஜின் எங்கே இருந்தது — யார் பார்த்தது? ஆகாயத்தில் போய்த் தையல் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, சனி

எங்கள் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் பாண்டித்துரை, மதுரைப் பக்கத்துக்காரன், விமானப் பைத்தியம். அவனிடம் கேட்டேன்.

“தனபால் அண்ணே, அந்த ரூட்ல ரெண்டு ஜெட்டு ஓடுது. எம்ப்ரேயர் நூத்தி நாப்பத்தஞ்சு, நூத்தி எழுபத்தஞ்சு. சின்னதுல ஒரு பக்கம் ஒத்தை சீட்டு, இன்ஜின் வால்கிட்ட இருக்கும். பெருசுல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சீட்டு, இன்ஜின் றெக்கைக்குக் கீழ. நீங்க எதுல போனீங்க?”

சாம்பல் நிற ரெக்சின் என்றேன்.

“போட்டோ ஏதாச்சும் எடுத்தீங்களா?”

எடுத்திருந்தேன். விட்டுப்போன தையலை. அவன் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. ஆனால் படத்தின் ஓரத்தில் ஜன்னல் விழுந்திருந்தது. பெரிதாக்கினான். இறக்கைக்குக் கீழே உருண்டையாக ஒன்று தொங்கியது.

நூற்று எழுபத்தைந்து. மயிலாளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆபரேஷனை 13-ஆம் தேதிக்கே மாற்றிவிட்டார்கள். 12-ஆம் தேதி டிக்கெட். எழுபத்தைந்துதான் என்று பாண்டித்துரை பார்த்துச் சொன்னான். மயிலாள் பிரசவ மருந்தும் வெள்ளைப் பனியன் துணியும் எடுத்து வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12, வியாழன். கோலாப்பூர்

பெங்களூரில் பஸ்ஸில் ஏற்றி விமானத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். இன்ஜின் வால்கிட்ட. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டார்களாம்.

மறைக்கலாமா? அவளா கண்டுபிடிக்க மாட்டாள்? சொல்லிவிட்டேன். படிக்கட்டின் முதல் படியில் நின்றுவிட்டாள். பின்னால் ஒரு வரிசையே நின்றது.

“அடுத்தது எப்பங்க?”

“நாளைக்கழிச்சு.”

“புள்ளைக்கு நாளைக்குக் காத்தால ஆபரேஷன்.”

என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏறினாள். அவளுக்கு ஒற்றை சீட்டு, எனக்கு நடைபாதைக்கு இந்தப் பக்கம். இறங்கும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. தண்ணீர் கொண்டுவந்த பெண் தாண்டிப் போக முடியாமல் திரும்பிப் போனாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

பேத்தி. தாயும் பிள்ளையும் நலம். தியேட்டர் வாசல்வரை கிருத்திகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். நான் அழுதேன். மாப்பிள்ளை சுவரில் இருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 18, புதன்

லீவு முடிந்தது. தனியாகத் திருப்பூருக்கு, நல்லூர் ஊட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் ஒரு மாதம் கழித்து வருவாள்.

மார்ச் 16, திங்கள்

திரும்பி வர டிக்கெட் போடலாமா என்று கேட்டேன்.

“நான் வந்த மாடல்தான் வேணுமுங்க. உங்குளுது நமக்கு ஒத்து வராது.”

அவள் அந்த எழுபத்தைந்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வியாழக்கிழமை நாற்பத்தைந்துதான் ஓடுகிறது என்றான் பாண்டித்துரை. போன் போட்டேன்.

“அன்னிக்குக் கொழந்தைக்கு ஊசிங்க.”

ஏப்ரல் 6, திங்கள்

10-ஆம் தேதியும் அதேதான். சொன்னேன்.

“அன்னிக்கு அஷ்டமிங்க.”

போனில் குழந்தை சிணுங்கியது. மயிலாள் அதனிடம் ஏதோ குழைந்து பேசினாள். அந்தக் குரலை நான் கேட்டு முப்பது வருடம் இருக்கும். சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பன்தான்.

ஏப்ரல் 8, புதன்

கோலாப்பூருக்கு எனக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னேன்.

“எந்த மாடல்ணே?” என்றான் பாண்டித்துரை.

“எது முன்னாடி போகுதோ, அது.”