திருமணத்துக்குத் தடையில்லை

என் அன்பான அத்தானுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் உங்களை இப்படிக் கூப்பிடவில்லை. ‘அன்ரன்’ என்றுதான் கூப்பிட்டேன், அதுவும் முகம் பாராமல். அக்காவுக்குத் தாலி கட்டாத ஆளை அத்தான் என்பதா என்று எனக்கு ஒரு வீறாப்பு.

உங்கள் ஞானஸ்நானப் பத்திரம் நேற்று வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த ஒரு சிஸ்டர் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வீடு தேடி வந்து தந்தார். எட்டு மாதமாகக் காத்திருந்த கடுதாசி, நீங்கள் போய் மூன்று மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறது. பின்பக்கத்தில் உங்கள் ஊர்ச் சுவாமி எழுதியிருக்கிறார்: ‘திருமணத்துக்குத் தடையில்லை.’ வாசித்துவிட்டு வாசற்படியிலேயே இருந்துவிட்டேன்.

அந்தப் பத்திரம் இல்லாமல் கோயிலில் கலியாண ஓலை வாசித்து அறிவிக்க முடியாது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் கலியாணம் இல்லை. சண்டையால் யாழ்ப்பாணப் பாதையோ பூட்டு. காத்திருந்து களைத்து நீங்களும் ஜெசி அக்காவும் என் வீட்டுப் பின்னறையில் ஒன்றாக இருக்கத் தொடங்கினீர்கள். நான் என்ன ஆட்டம் ஆடினேன்!

“ஞாயிறு ஞாயிறு பிள்ளையளுக்கு ‘மோக பாவம் செய்யாதே’ எண்டு ஆறாம் கட்டளை படிப்பிக்கிறனான். என்ர வீட்டிலயே இந்தக் கூத்தெண்டால் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?”

அக்கா அழுதா. நீங்கள் சிரித்தீர்கள். “கோவிக்காதேங்கோ மச்சாள். ஓலை வாசிக்குமட்டும் நான் வேற இடத்தில இருக்கிறன்.”

“மச்சாள் இன்னும் இல்லை” என்று திருத்தினேன். ஆண்டவரே, அதைக்கூடத் திருத்தினேன்.

வெள்ளவத்தை லொட்ஜில் கட்டில் பிடித்துத் தந்தது நான்தான். வடக்கிலிருந்து வந்த தனி ஆண்கள் தங்கும் லொட்ஜுகளைத்தான் ஆமியும் பொலிசும் முதலில் சுற்றிவளைப்பார்கள் என்பது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? பன்னிரண்டாம் நாள் விடிய வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்து நாள் கழித்து உங்கள் உடலைத் தந்தார்கள்.

அதோடாவது அடங்கினேனா? ரேடியோவுக்கு மரண அறிவித்தல் எழுதியதும் நான். தாய், தகப்பன், சகோதரங்கள் எல்லாரையும் போட்டேன். ‘ஜெசிந்தாவின் அன்புக் கணவரும்’ என்று மட்டும் எழுதவில்லை. பொய் எழுதுவது பாவமாம். அக்கா ரேடியோவுக்குக் கிட்ட இருந்து தன் பெயர் வரும் வரும் என்று கேட்டா. முடிந்ததும் எழும்பிப் போய் நீங்கள் வீட்டில் உடுத்தும் சாரத்தை மடித்து வைத்தா. அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களா, அத்தான்? பின்னேரங்களில் அக்கா இரண்டு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றுகிறா. ஒன்றும் எனக்கில்லை. வாசல் கேற் கொளுக்கி மூன்று தரம் தட்டுப்படுகிறது, நீங்கள் தட்டுகிற மாதிரியே. போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. பயமாக இருக்கிறது. சத்தம் வராத நாளில் இன்னும் பயமாக இருக்கிறது.

நேற்றே பத்திரத்தோடு எங்கள் சுவாமியிடம் ஓடினேன். “நான் பாவத்தைத்தானே தடுத்தனான், சுவாமி?”

அவர் பத்திரத்தை வாசித்து மடித்துத் தந்தார். “கலியாணத்துக்கு முந்திச் சேர்ந்திருக்கிறதைத் திருச்சபை சரியெண்டு சொல்லாது, மகள். நானும் சொல்லமாட்டன். ஆனா அந்தப் பொடியனை வீட்டை விட்டுக் கலைக்கச் சொல்லி ஆர் சொன்னது? உங்கட முன் ஹோலில ஒரு பாய் போட்டிருக்கேலாதா?”

ஒரு பாய். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? ஹோலில் படுத்தாலும் அயல் கதைக்கும் என்றுதானே. நான் கடவுளுக்குப் பயப்படவில்லை அத்தான், பக்கத்து வீட்டுக்குப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து பத்திரத்தை அக்காவின் கையில் கொடுத்தேன். பின்பக்கத்தை இரண்டு தரம் வாசித்தா. மூன்று மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து வாய் திறந்தா.

“அவருக்குச் சொல்லிப்போட்டியா?”

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்கு ரேடியோ அறிவித்தலை நானே எழுதுவேன். ‘அன்புக் கணவரும்’ என்றுதான் தொடங்குவேன். அது பொய்யென்றால் ஆண்டவர் என்னைக் கேட்கட்டும். இனிக் கேற் தட்டுப்பட்டால் யாரென்று கேட்காமல் திறப்பேன். ஹோலில் பாய் போட்டிருக்கிறேன்.

‘இன்னும் இல்லை’ என்று சொன்ன
உங்கள் மச்சாள்,
ரெஜினா